போருக்குப் போனவர் யார்?

இரண்டாம் உலகப் போரின்போது தமிழன் எங்கே இருந்தான்?

காரைக்குடிக் கடைவீதியில் நின்று இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வரும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ரங்கூனில் குண்டு விழுந்தது, கடையைப் பூட்டினான், கப்பல் கிடைத்தவன் கப்பலேறினான், கிடைக்காதவன் காட்டுவழி நடந்து ஊர் வந்து சேர்ந்தான்!"

விடையில் பொய்யில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் நகரின்மீது ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். அடுத்த சில திங்களுக்குள் ஏறக்குறைய நான்கு இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். மலையும் காடும் கடந்து நடந்து வந்தோர் எண்ணற்றோர். வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் இரையானோர் பல்லாயிரவர். 1930ஆம் ஆண்டையொட்டிப் பர்மாவில் செட்டிநாட்டு வட்டிக்கடைகள் 1,600க்கு மேல் இருந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. அத்தனையும் போயிற்று. இழந்தது பெரிது, ஆகவே இழப்பே நினைவில் நின்றது. பேரேட்டில் எழுதியது நின்றது. பேரேட்டில் எழுதாதது மறைந்தது!

சரி, கடையிழந்தவன் கதை கேட்டோம். களத்தில் நின்றவன் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், "அதெல்லாம் சிங்கும் கானும் கூர்க்காவும்" என்று கைவிரித்து விடுகிறோம். தமிழன் கணக்கெழுதுவான், வட்டி வாங்குவான், பால்மரம் சீவுவான். துப்பாக்கி தூக்குவது அவன் தொழிலன்று என்று நாமே நம்பிக் கொண்டிருக்கிறோம். நேதாஜியின் படை என்றதும் தலைப்பாகை கட்டிய வடநாட்டு வீரனே நம் கண்முன் வருகிறான். ஜான்சி ராணிப் படை என்றதும், பெயரைப் பார்த்து, அதுவும் வடக்கத்திப் பெண்களின் படைதான் என்று முடிவு கட்டுகிறோம். சயாம் மரண இரயில் பாதை என்றதும், திரைப்படத்தில் கண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளே நினைவுக்கு வருகின்றனர்.

இவை யாவும் தவறான எண்ணங்கள். இவற்றால் எவருக்கும் இழப்பில்லை என்று விட்டுவிடவும் முடியாது. இழந்தவர் உண்டு. வயலில் கூலியாக வாழ்ந்து, கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி, தோட்டத்தில் மீண்டும் கூலியாகி, அப்போரில் உடலும் உயிரும் தந்த ஏழைத் தமிழனின் பெயரே இழக்கப்பட்டது. அவன் பெயரை மறைத்தவர் யார், மறைந்தது எப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரக் குலம் என்னும் கட்டுக்கதை

இத்தவறு பிறந்த இடத்தைத் தேடிப் போனால், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதிக்குச் செல்ல வேண்டும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ் என்னும் வெள்ளையர். பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். தென்னாட்டான் போர்க்குணம் இழந்தவன், வடமேற்கே உள்ள குலங்களே போருக்கு ஏற்றவை என்பது அவர் கொண்ட முடிபு. அவர் ஒருவர் மட்டும் அப்படி எண்ணவில்லை. அதிகாரிகள் பலரும் அவ்வெண்ணத்தையே விதியாக்கினர். பிறக்கும்போதே ஒருவன் வீரனாகப் பிறக்கிறான், மற்றொருவன் கோழையாகப் பிறக்கிறான் என்றனர். பிறப்பினால் மேல் கீழ் வகுத்த நம் நாட்டுப் பழைய ஏட்டுக்கும் இந்தப் புதிய ஏட்டுக்கும் என்ன வேறுபாடு? எழுதிய மொழி ஒன்றுதான் வேறு!

விதி எழுதப்பட்டது, வேலையும் நடந்தது. தமிழரும் தெலுங்கரும் நிறைந்திருந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. அவ்விடங்களில் பஞ்சாபியர் அமர்த்தப்பட்டனர். 1920களின் இறுதியில் சென்னைக் காலாட்படை முற்றாகக் கலைக்கப்பட்டுவிட்டது. பாலம் கட்டவும், பாதை போடவும், கண்ணி தேடவும் தேவைப்பட்ட 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியாளர் படை மட்டுமே எஞ்சி நின்றது. ஐம்பது ஆண்டுகள் ஒரு மக்களைப் படைவாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, "இவர்கள் படையில் சேருவதே இல்லை, பார்த்தீர்களா?" என்று கேட்பது எவ்வளவு நேர்மை!

சிவகங்கைச் சீமைக்கு வந்து இக்கதையைச் சொல்லியிருந்தால் சிறுவரும் நகைத்திருப்பர். 1801இல் மருது சகோதரர்கள் கும்பெனியை எதிர்த்து நடத்திய போர் இம்மண்ணில் நடந்தது. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். இந்தச் சீமையிலிருந்து மலாயாக் கரைக்கு விலங்கோடு சென்றவர்கள் அவர்கள். வட்டிக்குப் பணம் கொண்டு சென்றவர்களும், வயிற்றுக்குக் கூலி தேடிச் சென்றவர்களும் பின்னால் வந்தவர்கள்!

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருதிருவரை எதிர்க்கக் கும்பெனி அனுப்பிய படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர். தென்னாட்டையும் தக்காணத்தையும் கும்பெனி வென்றது இவர்கள் தோளில் ஏறி நின்றுதான். 1806இல் வேலூர்க் கோட்டையில் அதே சிப்பாய்களே கும்பெனியின்மேல் துப்பாக்கியைத் திருப்பினர். ஏவலுக்கும் நின்றான், எதிர்த்தும் நின்றான். போரிடத் தெரியாதவன் என்று மட்டும் அவனைச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

1939இல் போர் மூண்டது. அப்போது இந்தியப் படையில் இருந்தோர் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர். 1945இல் அத்தொகை இருபத்தைந்து இலட்சத்தை எட்டியது. வீரக் குலங்கள் நான்கைந்திலிருந்தா இத்தனை பேரைத் திரட்ட முடியும்? ஆள் தேவைப்பட்டவுடன் குலக் கணக்குக் குப்பைக்குப் போயிற்று. கலைக்கப்பட்ட சென்னைக் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது. 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலி நாட்டின் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், கண்ணிவெடி தேடிச் சென்ற குழுவில் ஒருவர் கால்பட்டு வெடி கிளம்பும் நேரத்தில், தம்முடன் வந்தோரைக் காக்க அதன்மேல் தம் உடலைக் கிடத்தி உயிர் துறந்தார் சுபேதார் சுப்பிரமணியன். செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது அவர் இறந்தபின் அவருக்கு அளிக்கப்பட்டது. ராபர்ட்ஸ் எழுதிய ஏட்டுக்கு ஒரு சுபேதார் தம் உடலால் எழுதிய மறுப்பு அது.

வெள்ளையன் போய்விட்டான்; அவன் கட்டிய கதை போயிற்றா? இல்லையே! "எங்கள் குலமே வீரக் குலம், எங்கள் முன்னோரே வாள் பிடித்தோர்" என்று சாதிக்கொரு சங்கம் இன்றும் சுவரொட்டி ஒட்டுகிறது. ராபர்ட்ஸ் மறுத்த பட்டத்தைத் தம் சாதிக்கு மட்டும் கேட்டுப் பெற விரும்புகின்றனரே தவிர, பிறப்பில் வீரம் இல்லை என்று சொல்ல முன்வருவோர் சிலரே. அடுத்து நாம் காணப்போகும் படையோ, இந்தச் சங்கங்கள் எதுவும் உரிமை கொண்டாடாத படை.

செங்கோட்டையில் நின்ற மூவர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதிகளாயினர். அவர்களுள் ஒரு பகுதியினரைக் கொண்டு மோகன்சிங் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். ஜப்பானியரோடு பிணக்கு முற்றி, அவ்வாண்டின் இறுதியிலேயே அம்முயற்சி குலைந்தது. இப்படை கைதிகளின் படை, வடநாட்டார் படை என்ற எண்ணம் இந்த முதற்கட்டத்தைப் பொறுத்தமட்டில் பெரிதும் உண்மையே.

1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றதும் நிலைமை மாறிற்று. படைவாயில் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்நாளில் மலாயாவில் வாழ்ந்த இந்தியர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழருள் மிகப் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர். தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு, இராமநாதபுரம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் சென்றவர்கள். நேதாஜி இந்துஸ்தானியில் பேச, அது தமிழில் பெயர்க்கப்பட்டது. கேட்ட கூட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். பொதுமக்களிலிருந்து சேர்ந்தோர் ஏறக்குறைய 18,000 என்பது ஆராய்ந்தோர் தரும் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பகுதி தமிழர். தில்லான் தலைமையில் 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில், பக்கானுக்கு அருகே, ஆற்றைக் கடந்து வந்த பிரிட்டிஷ் படையை எதிர்கொண்ட நேரு படைப்பிரிவில் மலாயாத் தமிழர் பலர் இருந்தனர். பீரங்கியும் விமானமும் இல்லாத படை அது, தோற்றது. தோல்வியைச் சொல்ல நாணவேண்டியதில்லை. அங்கே நின்றவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுவதே நாணத்தக்கது.

அவ்வாறாயின் இப்படை வடநாட்டார் படை என்ற எண்ணம் எப்படி நிலைத்தது? இங்கேதான் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 1945 நவம்பர் 5 அன்று தில்லிச் செங்கோட்டையில் வழக்குத் தொடங்கியது. கூண்டில் நின்றோர் மூவர்: ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர், மூவரும் பஞ்சாபியர். நாடெங்கும் அவர்கள் படமே தொங்கியது. நாவெங்கும் அவர்கள் பெயரே முழங்கியது. அவர்கள் அப்பெருமைக்கு உரியவர்களே, ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஏன் கூண்டில் நின்றனர்? அரசருக்கு உண்மையாயிருப்போம் என்று உறுதிமொழி எடுத்துப் படையில் சேர்ந்திருந்த அதிகாரிகள் அவர்கள். அந்த உறுதிமொழியை மீறியோரையே இராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியும். இரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவன் எந்த அரசருக்கும் உறுதிமொழி கொடுத்தவனல்லன். ஆகவே அவனை அந்நீதிமன்றத்தில் நிறுத்த இயலாது. அவனைப் பிடித்தார்கள், அடைத்தார்கள், விசாரித்தார்கள், பிறகு தோட்டத்துக்கே துரத்தினார்கள். வழக்கில்லை; ஆகவே ஏடில்லை. ஏடில்லை, ஆகவே பெயருமில்லை!

குற்றவாளிக் கூண்டில் ஏறுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருந்தது. அத்தகுதி கூலிக்கு இல்லை. வரலாறு நீதிமன்றத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே நின்றவன் வரலாற்றுக்கும் வெளியே நின்றான்.

"வயிற்றுப் பசிக்குச் சேர்ந்த கூலிப் பட்டாளந்தானே!" என்று இகழ்ந்தோரும் உளர். பசி இருந்தது உண்மை. கடல்வழி வாணிகம் முடங்கி, இரப்பர் விலைபோகாமல், தோட்டங்கள் மூடிக் கிடந்தன. படையில் சேராவிட்டால் சயாமுக்கு இரயில் பாதை போட அனுப்புவார்களே என்ற அச்சமும் இருந்தது. ஆனால் பசியும் அச்சமும் மட்டுமே இருந்தன என்பது பெரும்பொய். நேதாஜி சிங்கப்பூரில் காலடி வைப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1941இல், சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர், அதோடு நின்றார்களா? எங்கள் பெண்களிடம் தகாது நடப்பதை நிறுத்து என்றனர். கள்ளுக்கடையை மூடு என்றனர். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றனர். துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றனர்! படையை அழைத்துச் சுட்டார்கள்; தொழிலாளர் மாண்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்து மாண்டவர்களின் தோழர்களே பின்னர் தோளில் துப்பாக்கி ஏந்தினர். அதைப் பசி என்று மட்டும் சொல்லுவோர் மானத்தைப் பசித்தறியாதவர்.

ஜான்சியின் பெயரில் தமிழ்ப் பெண்கள்

பெண்கள் படைக்கு ஜான்சி ராணியின் பெயர் சூட்டப்பட்டது. பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் தொடங்கிற்று. தலைமை தாங்கியவர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் 1914இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் லட்சுமி சாகல் என்று அறியப்பட்டு 2012இல் மறைந்தவர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, பதினெட்டாம் வயதையொட்டி, காதணிகளைக் கழற்றிப் போர்நிதிக்குக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். படையின் துணைத் தலைமைக்கு உயர்ந்தார். போருக்குப் பின் மலாயா இந்தியர் காங்கிரசை உருவாக்கியோருள் ஒருவரானார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் 2000இல் பத்மஸ்ரீ பெற்று, 2014இல் மறைந்தார்.

இவ்விருவரையும் ஓரளவு அறிவோம். இருவரும் படித்த, வசதியுள்ள குடும்பத்தினர். இவர்களுக்குப் பின்னால் அணிவகுத்து நின்ற பெண்களில் பெரும்பாலோர் யார்? தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பலர். தாய்நாடு என்று சொல்லப்பட்ட நாட்டைக் கண்ணால் கண்டிராதவர் பலர். அவர்கள் தொகை நானூற்றைம்பது என்பாரும் உண்டு, ஆயிரம் என்பாரும் உண்டு. கால்சட்டை அணிந்தனர், முடியைக் குறைத்தனர், துப்பாக்கி சுடப் பயின்றனர். அடுப்பங்கரையே பெண்ணுக்கு எல்லை என்று நாட்டிலே புராணம் படித்துக் கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது.

மிகையும் பொய்யே, ஆதலின் ஒன்றைத் தெளிவாக்குவோம். இப்பெண்கள் இம்பாலில் நின்று சுட்டுப் பொருதினர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது நடக்கவில்லை. பர்மாவுக்குச் சென்றனர், மேமியோவில் முகாமிட்டனர், களத்துக்கு அனுப்பப்படாமலே படை பின்வாங்க நேர்ந்தது. காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்தனர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்தனர். இவ்வளவு போதாதா? செய்ததைச் சொன்னாலே போதும் எனும் அளவுக்குச் செய்தவர்களுக்குச் செய்யாததைச் சேர்த்துச் சொல்வது சிறப்பன்று.

பொருள் கொடுத்தோரும் உயிர் கொடுத்தோரும்

"படைக்கு ஆளைக் கொடுத்தவர் யாராயினும், பொருளைக் கொடுத்தவர்கள் நம் வணிகர்கள்" என்பது செட்டிநாட்டில் வழங்கும் பெருமை. இதிலும் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பொருள் கொடுத்தோர் பலர். மனமுவந்து வாரி வழங்கினோரும் உண்டு. ஆனால் 1943 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரில் செட்டியார்களையும் பிற வணிகர்களையும் கூட்டி வைத்து நேதாஜி பேசியது பாராட்டுரை அன்று, கண்டிப்புரை. சொத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு தர வேண்டும் என்று கணக்குக் கேட்போரை நோக்கி, படைவீரனிடம் உன் குருதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மட்டும் சிந்து என்றா சொல்கிறோம் என்னும் கருத்துப்பட வினவினார். போர்க்காலத்தில் தனியுடைமை என்று ஒன்று இல்லை என்றும் எச்சரித்தார். கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டிக்கு வட்டி கணக்கிட்டுப் பழகியோருக்கு, குருதிக்கு விழுக்காடு இல்லை என்று எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

அதே நாட்களில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி வணிகருக்கு உண்மையான பெருமை சேர்ப்பது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அக்கோயிலுக்கு வருமாறு நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் நுழையக்கூடுமானால் வருகிறேன், இன்றேல் இல்லை என்றார் அவர். ஒப்புக்கொண்டனர். முஸ்லிம் அதிகாரிகள் உடன்வர அவர் உள்ளே சென்றார். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குப் பொதுச் சட்டம் வந்தது 1947இல். நான்காண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்த ஊரில், செட்டிநாட்டார் கோயிற்கதவு ஒரு நாளாவது எல்லாருக்கும் திறந்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ட படை தட்டியதால் அக்கதவு திறந்தது! கொடுத்த பொன்னைவிட, அன்று திறந்த கதவே பெரிது என்போம் நாம்.

துப்பாக்கி இல்லாத படை

இனிச் சொல்ல வேண்டியது, எந்தப் படையிலும் சேராமலே போருக்கு இரையானோர் கதை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. 1957இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற திரைப்படம், குவாய் ஆற்றுப் பாலத்தைக் கட்டியவர் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளே என்ற படிமத்தை உலகுக்கு அளித்தது. படம் பிடிக்கப்பட்டது இலங்கையில். ஆனால் பாதையில் மாண்ட தமிழனுக்கு அப்படத்தில் இடமில்லை!

கணக்கைப் பாருங்கள். பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மாண்டோர் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்தையொட்டி இருந்தனர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுகின்றனர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தனர்; ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்து ஏற்றினர். குடும்பத்தோடு சென்றோரும் உண்டு.

போர்க்கைதியோடு அவனுடைய படை மருத்துவர் இருந்தார். மருந்து இல்லாவிடினும் மருத்துவம் தெரிந்தவர் இருந்தார். கொதிக்க வைத்த நீரையே குடி, கழிவிடத்தை எட்டி வை என்று கட்டளையிட அதிகாரி இருந்தார். இறந்தவன் பெயரை ஒளித்து வைத்த தாளில் எழுதிக்கொள்ளத் தோழன் இருந்தான். தோட்டத் தமிழனுக்கு இவை எவையும் இல்லை. காலரா வந்தபோது குடிசை குடிசையாகச் செத்தனர். சாவின் விகிதத்தில் கண்ட வேறுபாடு உடலின் வேறுபாடு அன்று. அமைப்பு இருந்தவனுக்கும் அமைப்பு இல்லாதவனுக்கும் இடையே இருந்த வேறுபாடு.

போர் முடிந்தது. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரருக்குக் கல்லறைத் தோட்டம் எழுந்தது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். அறியப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல். தமிழன் கிடக்கும் இடத்திலோ காடு வளர்ந்தது. அவன் போர்வீரனல்லன், ஆகவே கல்லறை இல்லை. விடுதலை வீரனல்லன், ஆகவே ஓய்வூதியம் இல்லை. பேரேட்டில் பற்றும் இல்லை, வரவும் இல்லை!

ஓய்வூதியம் என்றோமே, அதையும் பார்ப்போம். விடுதலைப் போராட்ட வீரர்க்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நேதாஜியின் படையினரும் அதில் அடங்குவர். ஆறு திங்கள் சிறையிருந்தமைக்குச் சான்று வேண்டும். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் மூன்று திங்கள். விதி நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. ஆயினும் சான்று கொண்டுவா என்றால், பெயரையே கங்காணி எழுதியபடி ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவன் எங்கே போவான்? படித்தவனுக்குத் தாள் உண்டு. உழைத்தவனுக்குத் தழும்பு உண்டு. அலுவலகங்கள் தழும்பைப் படிப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

வரலாற்றில் ஒரு மக்களின் பெயர் மறைவதற்குப் பகைவன் ஒருவன் சதி செய்ய வேண்டும் என்பதில்லை. எழுதத் தெரிந்தவன் தன் கதையை எழுதுகிறான்; சொத்துள்ளவன் தன் சொத்தின் கதையைச் சொல்கிறான்; நீதிமன்றம் தன் முன் நின்றவனைப் பதிகிறது; திரைப்படம் பார்க்க வருவோனின் முகத்தையே திரையில் காட்டுகிறது. இந்நான்கிலும் இடம்பெறாதவன் இல்லாதவனாகிவிடுகிறான். "தமிழன் போரில் இல்லை" என்பதன் உண்மைப் பொருள், "எழுதியவர் கண்ணில் கூலி படவில்லை" என்பதே.

காரைக்குடிக்கு இதில் தனிக் கடமை உண்டு. ஏனெனில் தமிழ்நாட்டில் வேறெந்த வட்டாரத்தைக் காட்டிலும் மலாயாவும் பர்மாவும் இவ்வட்டாரத்தின் வீட்டுப் பேச்சில் கலந்தவை. இங்கே எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. கணக்கும் கடிதமும் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பழக்கம் உண்டு. பர்மாத் தேக்குத் தூணைக் காட்ட வெளிநாட்டாரை அழைத்துச் செல்கிறோம்; அந்தத் தேக்கு வந்த நாட்டிலிருந்து திரும்பி வராதவர் யார் யார் என்று என்றாவது எழுதினோமா? பெட்டகங்களில் உறங்கும் கடிதங்களில் கடைக் கணக்கு மட்டுமா இருக்கும்? மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோரின் செய்தியும், அவர்கள் கண்ட தோட்டத்து மக்களின் செய்தியும் இருக்கக்கூடும். பழந்தாள் வாங்குவோனுக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை படியுங்கள்.

பெரிய வீடுகள் மட்டுமன்று. சிற்றூர்களில், காலனிகளில், "எங்கள் பாட்டனார் மலாயாவுக்குப் போனார், திரும்பவில்லை" என்று ஒற்றை வரியில் முடியும் குடும்பக் கதைகள் எத்தனை! அந்த ஒற்றை வரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, கடைசியாக வந்த கடிதம், இவ்வளவு கிடைத்தாலும் போதும். ஊர் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, ஷா நவாசையும் சாகலையும் தில்லானையும் சொல்லுங்கள். அவர்களோடு, செங்கோட்டையில் நிறுத்தப்படாத பதினெட்டாயிரவரையும் சொல்லுங்கள். லட்சுமியைச் சொல்லுங்கள், அவருக்குப் பின்னால் நின்ற தோட்டத்துப் பெண்களையும் சொல்லுங்கள். கல்லறை உள்ளோரைச் சொல்லுங்கள். கல்லறை இல்லாதோரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நடுகல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, களத்தில் மாண்டவனைப் போற்றிய மரபு நம்முடையது. நிரை மீட்டு வீழ்ந்த எளிய மறவனுக்கும் ஊர் எல்லையில் கல் எழுந்தது. அந்த மரபுக்கு உரியோம் என்று பெருமை பேசும் நாம், சயாமின் காட்டில் வீழ்ந்தவனுக்கும் ஐராவதிக் கரையில் வீழ்ந்தவனுக்கும் ஒரு வரியேனும் எழுதாவிடில், பெருமை பேச நமக்கு உரிமை ஏது?

போருக்குப் போனவர் யார் என்று இனி எவரேனும் கேட்டால், "கடையைப் பூட்டியவனும் இருந்தான், களத்தில் நின்றவனும் இருந்தான், பாதையில் மாண்டவனும் இருந்தான், மூவரும் எம்மவரே!" என்று விடை சொல்வோம். அந்த விடைக்குச் சான்றாகப் பெயர்களைத் தேடுவோம். தேடிய பெயர்களை எழுதுவோம்!